ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மூன்று பாடங்கள்

இ.சி.இ., இ.இ.இ. படித்துக்கொண்டிருக்கும், படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கோவையில் பம்புசெட் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடும் ஃபர்ம்வேரை எழுதுவது என் பிழைப்பு. ஆள் எடுக்கும் காலத்தில் உங்களில் சிலருடைய விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். சில ஆண்டுகளாக அவற்றின் இரண்டாம் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது: சிக்னல் பிராசஸிங்கில் ஒரு சான்றிதழ், எம்பெடட் சி-யில் இரண்டு, ஐ.ஓ.டி.யில் மூன்று, போனால் போகிறதென்று சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கில் ஒன்று. கேள்வி கேட்டால் ஒவ்வொரு பாடமும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஃபூரியர் தொடரின் வாய்பாடு தடங்கலில்லாமல் வருகிறது. ஏ.டி.சி.யிலிருந்து வரும் எண்களை அந்த வாய்பாட்டில் எங்கே போடுவது என்று கேட்டால் மேசையைப் பார்க்கிறார்கள்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இணையத்தில் எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று தேடுவதற்கு முன்னால், ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பொருள் எந்தப் பாடத்தைக் கேட்கிறதோ அதை, அது கேட்கும் வரிசையில், அது கேட்கும் அளவுக்குப் படியுங்கள். பாதியில் நின்றுபோன கோர்ஸைப் பற்றி வெட்கப்பட வேண்டாம்.

முதலில், உங்களுக்கு வாய்த்திருப்பதைப் பற்றிக் கொஞ்சம். ஆலன் ஓப்பன்ஹைம் 1987-இல் எம்.ஐ.டி.யில் வீடியோவாகப் பதிவுசெய்த ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ விரிவுரைகள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மூன்றாம் செமஸ்டர் பாடத்துக்குப் பரிந்துரைக்கிறார்களே, அந்தத் தடித்த புத்தகத்தை எழுதிய அதே ஓப்பன்ஹைம். படம் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கண்டால் பயம் என்பவர்கள் ஸ்டீவன் ஸ்மித் எழுதிய டி.எஸ்.பி. வழிகாட்டிப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வாசிக்கலாம். 1997-இல் வந்தது, இன்றும் அதைவிட எளிதாகச் சொன்ன புத்தகத்தை நான் பார்க்கவில்லை. கணக்கு பிடிக்கும் என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனத்தைச் சேர்ந்த பிராண்டோனியும் வெட்டர்லியும் கோர்செராவில் நடத்தும் பாடம் இருக்கிறது. நம் ஊரிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். இருக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் அதைப் பொருத்திப் பார்க்க ஒரு பொருளுக்குத்தான்.

என் பொருளை வைத்தே சொல்கிறேனே. தோட்டத்துக் கிணற்றில் ஒரு மூன்று பேஸ் மோட்டார். அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன போர்டு. தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒரு பேஸ் போனால் நிறுத்த வேண்டும். கரண்ட் திரும்ப வந்தால் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லக் கேட்டால் ஒரு வாரத்து மினி பிராஜெக்ட் மாதிரி இருக்கும்.

தண்ணீர் வற்றுவதை எடுத்துக்கொள்வோம். பம்பு வெறுமனே சுற்றினால் பளு குறையும், கரண்டும் குறையும். அளந்து பார்த்து நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். மோட்டாருக்குப் போகும் ஒயரில் ஒரு சி.டி.யை (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை) மாட்டி, விநாடிக்கு 1000 மாதிரி எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சிக்கு 20 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் ஆர்.எம்.எஸ். கரண்ட். இதுவரைக்கும் சிக்கலில்லை. ஆனால் இண்டக்ஷன் மோட்டார், பளுவே இல்லாவிட்டாலும் தன் காந்தப்புலத்துக்காகக் கணிசமான கரண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இரவில் வோல்டேஜ் ஏறினால் அது இன்னும் கூடும். அப்போது ‘கரண்ட் குறையவில்லை, ஆகவே தண்ணீர் இருக்கிறது’ என்று போர்டு முடிவு கட்டும். மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும்.

பளு போனதும் தெளிவாக மாறுவது வோல்டேஜ், கரண்ட் ஆகிய இரண்டு அலைகளுக்கும் நடுவிலுள்ள கோணம். வோல்டேஜ் மாதிரியையும் கரண்ட் மாதிரியையும் ஒன்றோடொன்று பெருக்கி, ஒரு சுழற்சி முழுக்கச் சராசரி எடுங்கள். கிடைப்பது உண்மையில் செலவாகும் பவர். கரண்ட் அதே அளவில் இருந்தாலும் இந்த எண் சரிந்துவிடும். இப்போது ஓப்பன்ஹைமின் ஃபூரியர் தொடர் விரிவுரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கெழுவைக் காண அவர் செய்வது என்ன? வந்த அலையை ஒரு சைன் அலையால் பெருக்கி, ஒரு சுழற்சிக்குத் தொகை காண்கிறார். நீங்கள் தண்ணீருக்காகச் செய்த அதே பெருக்கல், அதே கூட்டல். வோல்டேஜ் அலை இருந்த இடத்தில் அவர் தாமே ஒரு சைன் அலையை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதை மோட்டார் வழியாகப் பார்த்தவருக்கு அந்த விரிவுரையை இன்னொரு முறை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பாடங்களில் மின்கம்பியின் இரைச்சல் என்றால் 60 ஹெர்ட்ஸ். சென்சார் சிக்னலில் ஏறும் அந்த ‘ஹம்’மைத் துடைக்க 16.67 மில்லிவிநாடிக்குச் சராசரி எடுக்கச் சொல்வார்கள். அங்கே அது சரி. அந்த நிரலை அப்படியே எடுத்து இங்கே போட்டால் நம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சும். நமக்கு வேண்டியது 20 மில்லிவிநாடி. அதுவும் முழுத் தீர்வல்ல: நம் கிரிட்டின் அலைவெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்பு. அச்சடித்தாற்போல 50 என்று அது நிற்பதில்லை. 49.90-இல் எவ்வளவு கசியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் இரண்டு பங்கு வரும். சிங்க் சார்பை எதற்குப் படித்தோம் என்ற கேள்விக்கு அந்தத் தாளிலேயே விடை இருக்கும்.

அடுத்த பாடத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதையும் பொருளே சொல்லிவிடும். ஆர்டுயினோவில் ஏ.டி.சி.யைப் படித்துவிட்டு 20 மில்லிவிநாடி காத்திருந்து மறுபடி படிக்கும் ஒரு லூப்பை எழுதிப் பாருங்கள். படிக்க மட்டும் 0.1 மில்லிவிநாடி ஆகும். ஆக ஒவ்வொரு சுற்றும் 20.1. 50 ஹெர்ட்ஸ் அலையை இந்த வேகத்தில் எட்டிப் பார்த்தால், நான்கு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை திரையில் தெரியும். அப்படியோர் அலை ஒயரில் எங்கும் இல்லை. ‘சென்சார் டிரிஃப்ட் ஆகிறது சார்’ என்று சொல்லி நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நைக்விஸ்ட் கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அவர்களும்.

இதற்கு மருந்து எம்பெடட் பாடத்தில் இருக்கிறது: லூப்பை நம்பாமல், டைமரை வைத்து ஏ.டி.சி.யைத் தட்டி எழுப்புவது. டைமர், இன்டரப்ட், முதன்மை நிரலும் இன்டரப்ட்டும் ஒரே மாறியைத் தொடும்போது வரும் தகராறு, இவற்றை எல்லாம் அந்தச் சமயத்தில் தேடிப் படித்தால் ஒட்டும்.

எம்பெடட் பாடத்தில் எனக்குப் பிடித்தது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் வால்வானோவும் ரமேஷ் எர்ரபள்ளியும் 2014-இல் எட்எக்ஸில் தொடங்கியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிவா லாஞ்ச்பேட் போர்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. நிரல் முதலில் சிமுலேட்டரில் ஓடும், பிறகு அதே நிரல் போர்டில். இரண்டையும் கணினியே சரிபார்த்து மதிப்பெண் போட்டது. போக்குவரத்து விளக்கு, ரெசிஸ்டர்களை அடுக்கிச் செய்த பியானோ, கடைசியில் ஒரு விளையாட்டு என்று பயிற்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, மாணவனின் மேசைமேல் இருக்கும் எல்.இ.டி. உண்மையில் எரிந்ததா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் அதிகம் மெச்சுவது அதைத்தான். வீடியோ முடிந்ததும் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது எவருக்கும் வரும்.

போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் உங்கள் ‘மெயின்’ தொடங்குவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு மிரோ சாமெக்கின் யூடியூப் பாடத்தொடரைச் சொல்வேன். ஒரு ஆர்.டி.ஓ.எஸ்.ஸைக் கண்முன்னே கையால் கட்டிக் காட்டுவார். என்.பி.டி.இ.எல்.லில் இந்திரனில் சென்குப்தாவும் கமலிகா தத்தாவும் நடத்திய ஏ.ஆர்.எம். பாடம் நம் மாணவர் வேகத்துக்கு ஏற்றது.

கல்லூரி பிராஜெக்ட்டுக்கும் வயலில் நிற்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தை ஒரே எண்ணில் சொல்லலாம்: 49.7. ஆர்டுயினோவின் ‘மில்லிஸ்’ எண்ணி 32 பிட் என்பதால் 49.7 நாளில் நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வரும். பத்து நிமிட டெமோவில் இது தெரியப்போவதில்லை. ‘இந்த நேரம் வந்ததும் மோட்டாரை நிறுத்து’ என்று இலக்கு நேரத்தோடு ஒப்பிட்டு எழுதியவரின் மோட்டார், ஐம்பதாவது நாளன்று நிற்காமல் ஓடலாம். ‘தொடங்கி இவ்வளவு நேரம் ஆகிவிட்டதா’ என்று கழித்துப் பார்த்து எழுதினால் தப்பித்தோம். சின்னப் பிள்ளைத்தனமான பிழை என்று சிரிக்க வேண்டாம். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு மென்பொருளில், தொடர்ந்து 248 நாள் மின்சாரம் இருந்தால் ஓர் எண்ணி நிரம்பி, எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்தாற்போல நின்றுபோகக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. விநாடியில் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து, 2-இன் 31-ஆம் அடுக்கு வரை எண்ணிப் பாருங்கள். அந்த 248 நாள் கையில் கிடைக்கும்.

இனி மூன்றாவது பாடம். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்றதும் உங்களில் பலருக்குக் கொட்டாவி வரும். படம் போட்ட அம்புக்குறிகள், ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல், ஒரு வி வடிவப் படம். கொட்டாவிக்கு நியாயம் உண்டு. பொருள் இல்லாமல் படித்தால் அது வெறும் சொற்குவியல்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்கே திரும்புவோம்.

‘ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும்.’ எளிய வாக்கியம். மூன்று பேஸின் வோல்டேஜையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் அறுந்தால், மோட்டாரே அந்தக் கம்பியில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். உங்கள் போர்டு மூன்றும் இருப்பதாக நம்பும். மற்ற இரண்டு பேஸிலும் கரண்ட் ஏறி காயில் கருகும். கரண்டையும் பார்க்க வேண்டும். இதை சிக்னல் பாடமும் சொல்லாது, எம்பெடட் பாடமும் சொல்லாது. சென்சாரும் மோட்டாரும் கம்பியும் சேர்ந்து ஒரே அமைப்பு என்று பார்ப்பவருக்குத்தான் இது தட்டுப்படும்.

அடுத்தது, ‘கரண்ட் வந்ததும் ஓட்ட வேண்டும்.’ ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பத்துப் பதினைந்து தோட்டத்து மோட்டார் தொங்குகின்றன. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், தொடங்கும் சில விநாடிக்கு வழக்கத்தைப் போல் ஆறேழு மடங்கு கரண்டை இழுக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒரே கணத்தில் எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், ஒருவருக்கும் மோட்டார் எடுக்காது. லோ வோல்டேஜைக் கண்டு எல்லாப் பெட்டிகளும் நிறுத்தும்; பிறகு எல்லாம் ஒன்றாகவே மறுபடி முயலும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே சோதனையில் தேறியதுதான்! ஆளுக்கொரு தாமதம் வைக்க வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் தேவைப் பட்டியலில் இருக்க வேண்டிய வரி. அதைக் கேட்டு எழுத வேண்டுமானால் வயலுக்குப் போய் நிற்க வேண்டும். போனால் வேறு சிலதும் தெரியும்: வெதுவெதுப்புக்காகப் பெட்டிக்குள் குடியேறும் பல்லி, கான்டாக்டருக்குள் புகும் எறும்பு, இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் வழக்கம். அந்தக் கண்டென்சர்காரரிடம் உங்கள் ‘ஒரு பேஸ் போனால் நிறுத்து’ என்பது வரமா சாபமா என்று கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்றால் யார் என்று புரிந்துவிடும்.

இப்படி நின்றுவிட்டு வந்து, எம்.ஐ.டி.யின் ஒலிவியே டி வெக் 2015-இல் நடத்திய பாடத்தைப் பாருங்கள். எம்.ஐ.டி.யிலும் இ.பி.எஃப்.எல்.லிலும் ஒரே நேரத்தில் நடந்த வகுப்பு அது; டின் அளவே உள்ள செயற்கைக்கோளைச் செய்யும் கேன்சாட் போட்டிதான் மாணவருக்கு வைத்த பயிற்சி. வீடியோக்கள் இலவசம். நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேடும் இலவசம்; தடிமனைப் பார்த்து மலைக்காமல், தேவைகளை எழுதுவது பற்றிய பகுதியையும் இன்டர்ஃபேஸ் பற்றிய பகுதியையும் மட்டும் முதலில் வாசியுங்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், ஒரு குழு பவுண்டிலும் மற்றொன்று நியூட்டனிலும் கணக்குப் போட்டதால் தொலைந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதைவிட நமக்கு அருகில் இருப்பது சந்திரயான். 2019-இல் விக்ரம் லேண்டர் கடைசிக் கட்டத்தில் விழுந்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கியது. நடுவில் செய்த மாற்றங்களை வரிசையாக வாசித்தாலே ஒரு முழுப் பாடம். இறங்குமிடம் 500 மீட்டர் சதுரமாக இருந்ததைக் கிலோமீட்டர் கணக்கில் விரித்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு எஞ்சின் ஆக்கினார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவியைச் சேர்த்தார்கள். சென்சார், மென்பொருள், எந்திரம், இறங்கும் தரை எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: எது தவறினாலும் தாங்குமா?

சான்றிதழ் விஷயத்தையும் பேசிவிடுவோம். என்.பி.டி.இ.எல்.லில் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட் விடைகள் கெடு முடிவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேர்வில் நன்றாகச் செய்து எலீட், கோல்டு வாங்கியவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். படிப்பில் கிரெடிட்டாக மாற்ற முடிகிறவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாள் அளப்பது விரிவுரையை எவ்வளவு கவனித்தீர்கள் என்பதை. சி.டி.யிலிருந்து வந்த சிக்னலைப் பிடித்தீர்களா என்பதை அது அளக்க முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸுக்கு இணையவழி பி.எஸ். பட்டப்படிப்பைத் தொடங்கியபோது ஆய்வகப் பாடங்களுக்கு மட்டும் மாணவர்கள் சென்னை வளாகத்துக்கு நேரில் வர வேண்டும் என்று வைத்தது. இணையத்தில் பாடம் நடத்துவதில் நாட்டிலேயே அதிக அனுபவம் உள்ள இடம் அது. அவர்களே இதை இணையத்துக்கு விடவில்லை.

பாதியில் விடுவதைப் பற்றியும் ஒரு புள்ளிவிவரம். எட்எக்ஸில் எம்.ஐ.டி., ஹார்வர்டு படிப்புகளில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு என்று ‘சயன்ஸ்’ இதழில் 2019-இல் வந்த ஆய்வு சொன்னது. சோம்பலால் விட்டவர்கள் அதில் நிறைய இருப்பார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களும் இருப்பார்கள். நீங்கள் இரண்டாம் வகையில் சேருங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், என்.பி.டி.இ.எல். பாடங்களில் பலவற்றுக்குத் தமிழாக்கம் இருக்கிறது, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பேசும் பாடங்கள் இருக்கின்றன. வேகத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள், குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். மேட்லாப்புக்குப் பதிலாக ஆக்டேவ் அல்லது சைலாப் போதும், இரண்டுக்கும் காசில்லை. ராஸ்பெர்ரி பை பிகோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. அங்கே மலிவாகக் கிடைக்கும் ‘புளூ பில்’ போர்டுகளில் போலிச் சிப் கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். ஆசிலோஸ்கோப் வாங்க முடியாதவர்கள் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்றை வாங்கி பல்ஸ்வியூ மென்பொருளோடு இணைத்துக்கொள்ளலாம். டைமர் துல்லியமாக அடிக்கிறதா என்று பார்க்க அதுவே தாராளம்.

தயவுசெய்து யாரும் இந்த மடலைப் படித்துவிட்டுத் தோட்டத்து ஸ்டார்ட்டரைத் திறக்கப் போகாதீர்கள். அங்கே ஓடுவது 415 வோல்ட். வீட்டில் செய்ய ஒரு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அதன் வெளியீட்டை ரெசிஸ்டர்களால் குறைத்து, ஏ.டி.சி.யின் நடுவோல்டேஜுக்கு உயர்த்தி, 50 ஹெர்ட்ஸ் அலையைப் பிடியுங்கள். சி.டி.யைத் தொடும் நாள் வந்தால் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு கணமும் விடாதீர்கள், திறந்திருக்கும் சி.டி. அபாயகரமான வோல்டேஜைக் கக்கும்.

எங்களுக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்துச் சான்றிதழ் பட்டியலைச் சுருக்கிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் பிடித்த அலையின் படம் ஒன்றை ஒட்டுங்கள். கீழே நான்கு வரி: எவ்வளவு வேகத்தில் மாதிரி எடுத்தீர்கள், ஏன் அந்த வேகம், எத்தனை நாள் நிறுத்தாமல் ஓடியது, எதனால் நின்றது. நேர்காணலுக்கு வரும்போது போர்டையும் எடுத்து வாருங்கள். எங்கள் மேசையில் பிளக் பாயின்ட் இருக்கிறது.

அன்புடன்,
கோவையிலிருந்து ஃபர்ம்வேர் எழுதும் ஓர் அண்ணன்